வைக்கிங்குகளும் திண்டுக்கல் பூட்டும்

என் வீட்டுக்கு மதில் கிடையாது. முன்பக்கம் ஒரு வரிசை செம்பருத்தி, பின்பக்கம் துணி காயப்போட ஒரு கொடிக்கம்பி, அவ்வளவுதான். புதிதாகக் குடிவருகிற அக்கம்பக்கத்தார் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறார்கள்: "தனியா இருக்கீக, ஒரு காம்பவுண்டு எழுப்பிக்கிடக் கூடாதா?" முன்பெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வேன். இப்போது, "ஆயிரம் வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவில் கடற்கொள்ளைக்காரர்கள் வந்தார்கள், அதனால்தான் கட்டவில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும், நான் சொல்வது உண்மை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் பெண் பிறந்தால் டீச்சர், இல்லையென்றால் நர்ஸ். மூன்றாவதாக ஒரு வேலை உலகத்தில் இருப்பதாகவே எங்கள் பெரியவர்களுக்குத் தெரியாது. ஊசி பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்பதால் டீச்சரானேன். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில், கரிசல் காட்டின் ஓரத்தில் இருந்த ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியையாக வேலை கிடைத்தது. வியாபாரிகள் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் ஒதுக்கி வைப்பார்கள், அதற்கு மகமை என்று பெயர். அந்த மகமையில் எழுந்த பள்ளிக்கூடம். நிர்வாகத்தைப் பார்த்தவர் பட்டாசுக் கம்பெனியும் லேபிள் அடிக்கிற பிரஸ்ஸும் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். ஊரே அவரை முதலாளி என்றது, நாங்களும் அப்படியே சொன்னோம்.

மைதானத்தின் மேற்கு மூலையில் ஓடு போட்ட லைன் வீடு ஒன்று இருந்தது. ஐந்து அறைகள், ஐந்து டீச்சர்கள். சுற்றிலும் பேருக்கு ஒரு உடைமுள் வேலி. வேலியில் இருந்த சந்தில் ஆடு வரும், நாய் வரும், தயிர்க்காரம்மா வருவாள். யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை.

எனக்கு அடுத்த அறை தையல் டீச்சருடையது. இருபத்தைந்து வயதுக்குள் புருசனைப் பறிகொடுத்தவள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை, சாத்தூரில் மாமியார் வீட்டில் வளர்ந்தது. குழந்தையை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், இவளை வைத்துக்கொள்ளவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பள்ளி விட்டதும் ஓட்டமாக ஓடி பஸ் பிடிப்பாள். குழந்தைக்குத் தலை சீவி, சோறூட்டி, தூங்கவைத்துவிட்டு ஏழு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். ராத்தங்க அந்த வீட்டில் அவளுக்குப் பாய் கிடையாது. வாரத்தில் அந்த இரண்டு சாயங்காலங்களுக்காகத்தான் மற்ற ஐந்து நாளும் அவள் மிஷின் மிதித்தாள் என்று எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது அவள் முகம் பார்க்க நன்றாக இருக்கும்.

அந்த வருசம் கோடையில் திருட்டுப் போக ஆரம்பித்தது. முதலில் கொடியில் காய்ந்த சேலைகள். பிறகு கணக்கு டீச்சரின் செப்புக்குடம். எங்கள் ஊர்களில் அந்தக் காலத்தில் குடம் போவதென்றால் பாதிக் குடும்பம் போன மாதிரி. தண்ணீர் கிடைத்தாலும் பிடிக்கப் பாத்திரம் வேண்டுமே. மூன்றாவது தடவை, நாங்கள் ஐந்து பேரும் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பட்டப்பகலில், என் அறைப் பூட்டை உடைத்து மேசைக் கடிகாரத்தையும் போர்வையையும் கொண்டுபோனார்கள். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். அந்த ஆத்திரத்தில் ஒரு மனு எழுதினேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த மனுவை எழுதியவள் நான்தான், என் கையெழுத்துதான், என் தமிழ்தான். 'திக்கற்ற பெண்களாகிய நாங்கள் தங்கள் நிழலையே நம்பி இருக்கிறோம்' என்று ஒரு வரி. எழுதி முடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

முதலாளி அந்த வாரமே கல் இறக்கினார். கம்பெனி வண்டிகளில் லோடு லோடாக வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் சுவர், அதன் தலையில் உடைந்த பாட்டில் சில்லுகள், கிழக்கே பார்த்து ஓர் இரும்பு கேட். கேட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு, தேங்காய் அளவுக்கு. சாவி இல்லாமல் அதைத் திறக்கவும் முடியாது, பூட்டவும் முடியாது. கம்பெனியில் வயதாகி ஓய்ந்திருந்த ஒருவரைக் காவலுக்குப் போட்டார். நாங்கள் ஐந்து பேரும் முதலாளி வீட்டுக்குப் போய் நன்றி சொன்னோம். அவர் சம்சாரம் காபி கொடுத்தார். திரும்பி வரும்போது கணக்கு டீச்சர் அழுதேவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தைய சீசன் அப்போது தொடங்கியிருந்தது. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஆர்டர் கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்து குவியும். பதில் எழுத ஆள் போதவில்லை என்று கேள்விப்பட்டோம். இவ்வளவு செய்திருக்கிறாரே என்று நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எழுதிக் கொடுத்தோம். யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகப் போனோம். அடுத்த ஞாயிறு ஆள் வந்து கூப்பிட்டது. அதற்கடுத்த ஞாயிறு நான் கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் வண்டி வாசலில் நின்றது. "ஏன் லேட்டு, மொதலாளி கேக்காக" என்றான் வண்டிக்காரன். ஒரு மாதத்துக்குள் நன்றி வேலையாகிவிட்டது.

கேட் முதலில் எட்டு மணிக்குப் பூட்டப்பட்டது. பிறகு ஏழு. பிறகு ஆறு. சாவி காவல்காரரிடம் இருக்கும், பூட்டியதும் அவர் அதை முதலாளி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து காவல் இருப்பார். ஆறு மணிக்குப் பிறகு உள்ளே வர வேண்டுமானால் காலையிலேயே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை தையல் டீச்சர் சாத்தூரிலிருந்து திரும்பியபோது கேட் பூட்டியிருந்தது. அவள் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, பெற்ற பிள்ளையைப் பார்க்கத்தானே போனாள். காவல்காரர் கம்பிக்கு வெளியே அவளையும் உள்ளே எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். "எங்கிட்ட சாவி இல்ல தாயி. நான் என்ன செய்ய?" அவர் முதலாளி வீட்டுக்கு நடந்துபோய், அங்கே சாப்பாடு முடியும்வரை காத்திருந்து, சாவி வாங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் மனுவால் கட்டிய கேட் அது. அந்த வெள்ளிக்கிழமை அவள் சாத்தூருக்குப் போகவில்லை.

"பெறகு போய்க்கிடலாம் டீச்சர், இப்ப எதுக்கு வம்பு" என்றாள். அடுத்த செவ்வாயும் போகவில்லை. கிழிந்த பாவாடைத் துணியில் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம்தான் பத்தாம் வகுப்புக்கு 'நிலமானிய முறை' பாடம் வந்தது. பாடப்புத்தகத்தில் வைக்கிங்குகளுக்கு ஒன்றரை வரிதான். 'வடக்கிலிருந்து வந்த கடற்கொள்ளைக்காரர்களின் தாக்குதல்களால் மக்கள் பிரபுக்களை அண்டி வாழத் தொடங்கினர்.' எனக்கு அது போதவில்லை. பள்ளியில் ஐரோப்பா படம் கிடையாது. ஒரு மாணவி பட்டாசுக் கட்டு லேபிள் ஒன்று கொண்டுவந்திருந்தாள், பாய்மரக் கப்பல் போட்டது. அதைக் கரும்பலகையில் ஒட்டிவைத்துப் பாடத்தைத் தொடங்கினேன். கப்பல் சரியில்லை. வைக்கிங்குகளின் படகு நீண்டு ஒடுங்கி, ஆழமில்லாத தண்ணீரிலும் போகும். ஆனாலும் அந்த வகுப்பில் கடலைப் பார்த்தவள் ஒருத்தியும் இல்லை, அதனால் யாரும் தப்புப் பிடிக்கவில்லை.

கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்து ஊரைக் கொள்ளையடிப்பார்கள் என்றேன். அச்சங்குளத்திலிருந்து நடந்து வருகிற ஒரு பெண், வாய் துடுக்கானவள், எழுந்தாள்.

"ஆத்து வழியாவா டீச்சர்? அப்ப நம்ம பக்கம் வரவே முடியாது. வைப்பாத்துல மணல்தான கெடக்கு. படகைத் தலையில தூக்கிக்கிட்டுத்தான் வரணும்."

வகுப்பே சிரித்தது. "அதையும் செய்தவங்கதான். ஒரு ஆத்துலேர்ந்து இன்னொரு ஆத்துக்குப் படகைத் தரையில இழுத்துக்கிட்டே போயிருக்காங்க" என்றேன். சிரிப்பு நின்றது.

பிறகு கதையைச் சொன்னேன். கொள்ளைக்காரர்கள் திடுமென வருவார்கள், மடங்களையும் களஞ்சியங்களையும் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். ராஜா எங்கேயோ தூரத்தில் இருப்பார். அவருக்குச் சேதி போய், அவர் படை திரட்டி வருவதற்குள் சாம்பல்கூட ஆறியிருக்கும். பக்கத்தில் குதிரையும் ஈட்டியும் வைத்திருக்கிற ஒருவன் மேட்டில் மரத்தாலும் மண்ணாலும் ஒரு கோட்டை கட்டுவான். ஆபத்து என்றால் கதவைத் திறந்துவிடுவான். விவசாயி அவனிடம் போவான். தன் நிலத்தை அவன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே நிலத்தில் குடியானவனாக உழுவான். வாரத்தில் சில நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் வேலை. ஊரைவிட்டுப் போக அனுமதி, மகளைக் கட்டிக்கொடுக்க அனுமதி. ஓர் அரசர், கொள்ளைக்கு வந்த தலைவனுக்கே கடற்கரையில் நிலம் கொடுத்து, இனி வருகிற கொள்ளைக்காரர்களை நீயே தடு என்றார் என்றும் சொன்னேன்.

"கொள்ளையடிச்சவனுக்கே ஊரா? நல்லா இருக்கே!" என்றாள் அதே பெண்.

பிற்பாடு பெரிய புத்தகங்கள் வாசித்தபோது, எல்லாவற்றுக்கும் வைக்கிங்குகள் மட்டுமே காரணமில்லை என்று தெரிந்துகொண்டேன். அவர்கள் வருவதற்கு முன்பே பெரியவர்கள் சிறியவர்களின் நிலத்தை விழுங்க ஆரம்பித்திருந்தார்கள். கொள்ளை அதற்கு நல்ல சாக்காகவும் அமைந்தது. இதை அந்த வகுப்புக்கும் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் வருத்தம் உண்டு.

மணியடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அந்தப் பெண் மறுபடியும் எழுந்தாள். "கொள்ளைக்காரன் வாறது நின்னுபோச்சுல்ல? அதுக்குப் பெறகு நெலத்தைத் திருப்பிக் குடுத்தாகளா டீச்சர்?"

"இல்ல. நூறு நூறு வருசமா குடுக்கல. மரக்கோட்டையைக் கல்கோட்டையா மாத்திக்கிட்டாங்க."

"இவுக ஏன் கேக்கல?"

கேட்டவர்கள் உண்டு, அடிபட்டவர்களும் உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுவர் தெரிந்தது, வெயிலில் பாட்டில் சில்லுகள் மின்னின. எங்கள் பக்கம் கடைசியாகத் திருட்டுப் போனது எப்போது என்று யோசித்தேன். சுவர் எழும்பிய பிறகு ஒன்றுமே போகவில்லை. ஆனால் எங்கள் நேரம் மட்டும் எட்டிலிருந்து ஆறுக்கு வந்திருந்தது. அதே நாள் மாலை ஆபீஸிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்று வந்தது. இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்காதீர்கள், நடந்தது.

விடுதியில் தங்கும் ஆசிரியைகள் கையெழுத்திட வேண்டிய தாள் அது. ஆறு மணிக்கு மேல் வெளியே இருப்பதானால் முன்னனுமதி. சொந்த ஊருக்குப் போவதானாலும் அனுமதி. கூடப் பிறந்த அண்ணன் தம்பியானாலும் ஆபீஸ் அறையில்தான் பார்க்கலாம். கல்யாணம் நிச்சயமானால் முதலில் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சீசன் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் 'நிர்வாகம் கேட்டுக்கொள்ளும் பணிகளுக்கு ஒத்துழைக்க வேண்டும்.' காலையில் கரும்பலகையில் நான் எழுதிப் போட்டதை யாரோ தாளில் டைப் அடித்து அனுப்பியதுபோல் இருந்தது. தையல் டீச்சர் பேனாவை எடுத்துவிட்டாள். நான் அதைப் பிடுங்கினேன்.

"போட்டுருவோம் டீச்சர்," என்றாள் அவள். "வேலை போயிட்டா பிள்ளைய யாரு பாப்பா? என்னைக்காவது அனுமதி குடுக்காமலா போயிருவாக?"

"உம் பிள்ளைய நீ பாக்கதுக்கு இன்னொருத்தர் அனுமதி குடுக்கணுமா?" என்று கத்தினேன். அவள் மேல் கோபமில்லை எனக்கு. அந்த மனுவின் மேல் கோபம்.

மறுநாள் மத்தியானம் கம்பெனிக்கு நடந்தேன். வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் செருப்பை வாசலிலேயே விட வேண்டும். வெறுங்காலோடு வெயில் மணலில் ஆபீஸ்வரை போவதற்குள் பாதம் வெந்துவிட்டது. முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்தார். நல்ல மனிதர். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"என்ன டீச்சர், இம்புட்டு வெயில்ல வந்திருக்கீக? மோர் குடிங்க மொதல்ல."

மோரைத் தொடாமல் தாளை மேசையில் வைத்தேன். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். தையல் டீச்சர் அவுக பிள்ளைய அனுமதி கேக்காமப் போய்ப் பாக்கணும். ஆறு மணிக் கட்டு வேண்டாம்."

அவர் கோபப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். 'தங்கள் நிழலையே நம்பி இருக்கிறோம்.' நிமிர்ந்தார். "இது யாரு எழுத்து டீச்சர்? அழகான எழுத்து. நீங்க கேட்டீக, நான் கட்டினேன். நாளைக்கு உங்கள்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா ஊர் யாரைக் கேக்கும்?"

எனக்குக் காது சுட்டது. அவரே தொடர்ந்தார். சுவர் என்றால் என்ன என்று அவர் பரம்பரைக்குத்தான் தெரியுமாம். அவர் பாட்டனார் காலத்தில் பருத்தியும் வெல்லமும் ஏற்றிய மாட்டு வண்டிகள் வழியில் கொள்ளை போகும். அதற்காக வியாபாரிகள் சேர்ந்து ஊருக்கு ஊர் பேட்டை கட்டினார்கள். வண்டியும் மாடும் ஆளும் தங்கிக்கொள்ள, நாலு பக்கமும் சுவர் வைத்த பெரிய வளாகம். "மகமை போட்டு நாங்களே கட்டினோம். யாரு காலிலயும் விழல. அந்தச் சுவர் இல்லைன்னா இன்னைக்கு இந்தக் கம்பெனி இல்ல, பிரஸ் இல்ல, உங்க பள்ளிக்கூடமும் இல்ல" என்றார். சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெருமை நியாயமானது என்று எனக்கும் பட்டது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் யோசித்துக் கேட்டதில்லை, தானாக வந்தது. "அந்தப் பேட்டைக் கதவுச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"முறைக்காரர் வீட்டுல. மாசத்துக்கு ஒரு வீடு. முறை வச்சு மாறிக்கிட்டே இருக்கும், ஒருத்தர் கையிலயே நிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு."

"ஏன்? பக்கத்துல யாராவது பெரிய மனுசர், நல்ல மனுசர் இருந்திருப்பாரே. அவருகிட்ட குடுத்திருக்கலாமே. பத்திரமா இருந்திருக்குமே."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. புரிந்ததாலேயே கோபமும் வந்தது. "நல்லாப் பேசுதீக டீச்சர். பேட்டை ஆம்பளைக சமாச்சாரம். திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து வரணும். போடாதவுக அறையைக் காலி பண்ணிருங்க." மோரைக் காட்டி, "குடிச்சிட்டுப் போங்க" என்றும் சொன்னார். நான் குடிக்கவில்லை. இப்போது நினைத்தால் குடித்திருக்கலாம், தாகத்தில் உயிர் போய்த் திரும்பியது.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்து பேரும் என் அறையில் உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன், மனுவை அவர் வாசித்துக் காட்டியதையும் சேர்த்து. கணக்கு டீச்சர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். கணக்குக்காரிகளுக்கு எதையும் நேராகப் போட்டுப் பார்க்கத் தெரியும். "ஆறு மணிக்கு உள்ள இருக்கணும்னுதான சொல்றாரு? நாம வெளியில இருப்போம். அஞ்சு பேரும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் தையல் டீச்சரை நாங்களே பஸ் ஏற்றிவிட்டோம். புதிதாகத் தைத்த சட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இறங்கிவிடுவாளோ என்று நாங்கள் பயப்படும்படியான முகத்தோடு போனாள். ஐந்தே முக்காலுக்கு நாங்கள் நான்கு பேரும் ஐந்து டிரங்குப் பெட்டிகளையும் கேட்டுக்கு வெளியே தூக்கிவைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டோம். ஆறு மணிக்குக் காவல்காரர் வந்தார். எங்களைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். பாவம், அவருக்கு வந்த உத்தரவு ஒன்றே ஒன்றுதான். பூட்டினார். பூட்டிவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப உள்ள யாருமில்லையே தாயி, நான் யாருக்குக் காவல் இருக்க?"

"அதைத்தான் நாங்களும் கேக்கோம்" என்றேன்.

கம்பெனி விட்டுப் பெண்கள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்த நேரம். கையெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளையாக மின்ன நின்று பார்த்தார்கள். "டீச்சர்மார்களை வெளிய வச்சுப் பூட்டிட்டாகளாமே!" என்று சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. நாங்கள் அதைத் திருத்தவில்லை. என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்களோடு தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் இன்னும் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. பயத்தைவிடச் சந்தோசம் அதிகம்.

ஏழரை மணி பஸ் நின்று தையல் டீச்சர் இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போய் ஓடிவந்தவள், எங்களைக் கண்டதும் தன் பெட்டியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் காரும் வந்தது.

இறங்கினார். எங்களைப் பார்க்கவில்லை, விளக்கில்லாத லைன் வீட்டைப் பார்த்தார். "உள்ள யாரு இருக்கா?"

"ஒருத்தருமில்ல மொதலாளி" என்றார் காவல்காரர்.

"பெறகு எதுக்குய்யா பூட்டின?"

"ஆறு மணியாச்சு, பூட்டினேன்."

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். "சுவர் இருக்கட்டும் ஐயா. கேட்டும் இருக்கட்டும். காவலுக்கும் நன்றி. சாவி மட்டும் எங்ககிட்ட இருக்கணும். மாசத்துக்கு ஒருத்தர். உங்க பேட்டையில இருந்த மாதிரி. இல்லைன்னா இந்தப் பெட்டிக இப்பவே பஸ் ஏறும், திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல அஞ்சு டீச்சர் இருக்க மாட்டோம்."

அவர் எங்களைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவர் கம்பெனி ஆட்கள், அவர்களையும் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. பாட்டனார் நினைவு வந்ததா, ஊர் பேசுமே என்ற யோசனையா, பதில் எழுதாமல் கிடக்கிற கல்கத்தாக் கடிதங்களா? எதுவாக இருந்தாலும் சரி. காவல்காரர் பூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்த சாவியைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த மாசம் முறை யாருக்கு?"

என்னிடம்தான் நீட்டினார். நான் தையல் டீச்சரின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

அந்தத் தாளைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. கையெழுத்தில்லாமல் என் பெட்டியில் இன்னும் கிடக்கிறது. மறு ஞாயிறு கடிதம் எழுத ஆள் வந்தது. இரண்டு பேர் போனார்கள், மூன்று பேர் வர முடியாது என்றோம். வண்டிக்காரன் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான். திங்கட்கிழமை வகுப்பில் அந்த அச்சங்குளத்துப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தையல் டீச்சர் வழக்கம்போல் சாத்தூர் போனாள். ஆறு மணி ஆனது. காவல்காரர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாவி அவள் முந்தானையில் முடிந்திருந்தது, அதோடு அவள் பஸ் ஏறிவிட்டாள். சாவியில்லாமல் அந்தப் பூட்டைப் பூட்ட முடியாது. சரி, வரட்டும் என்று காத்திருந்தோம். எட்டு மணிக்குள் வந்துவிட்டாள். வெறுங்கையோடு வந்தாள்.

"சாவி எங்க தாயி?" என்றார் காவல்காரர்.

"பிள்ளை கேட்டுச்சு, காட்டினேன். இது யாரு வீட்டுச் சாவின்னு கேட்டுச்சு. நம்ம வீட்டுச் சாவின்னேன். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே தூங்கிருச்சு." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "விரலை விரிச்சு எடுக்க எனக்கு மனசு வரல."

காவல்காரர் பூட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். அன்று கேட் திறந்தே கிடந்தது. காலையில் எழுந்து கணக்கு டீச்சர் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். கொடியில் போட்ட ஒரு துணிகூடக் காணாமல் போகவில்லை.